எம். எஸ். சுப்புலட்சுமி நூற்றாண்டு வெள்ளி நாணயம்

மதுரையில் 1916 செப்டம்பர் 16 அன்று வீணைக் கலைஞர் சண்முகவடிவின் மகளாகப் பிறந்து, 1998இல் பாரத ரத்னா விருது பெற்ற சங்கீத மேதை எம். எஸ். சுப்புலட்சுமியின் ஜன்ம நூற்றாண்டை முன்னிட்டு, இந்திய அரசு 2017இல் வெளியிட்ட 100 ரூபாய் ஞாபகார்த்த நாணயம். 44 மில்லிமீட்டர் விட்டமும் 35 கிராம் எடையும் உடைய இதில் சரிபாதி வெள்ளி. எஞ்சியது செம்பு 40 சதவீதம், நிக்கலும் துத்தநாகமும் தலா 5 சதவீதம். கடைவீதியில் கைமாறுவதற்கன்றி, முகமதிப்பினும் கூடுதலான விலைக்குச் சேகரிப்போர் வாங்கி வைப்பதற்கென்றே அச்சிடப்பட்டது.

1969இல் காந்தியடிகளின் நூற்றாண்டுக்கு வந்த 10 ரூபாய் நாணயம், 15 கிராம் எடையில் 80 சதவீதம் வெள்ளி கொண்டது. அண்ணல் 1921 செப்டம்பரில் அரையாடை பூண்ட ஊர் மதுரையே ஆதலின், இவ்வூர்ச் சேகரிப்பாளர் அதனையும் இதனையும் ஒருங்கே வைத்துப் போற்றுவது மிகப் பொருத்தம். ஆயினும் அம்மையாரின் நாணயத்தில் தேவநாகரியும் ஆங்கிலமுமே வாசகங்களுக்கு இடம்பெற்றன; 2024இல் வெளிவந்த மு. கருணாநிதி நாணயத்தில் ‘தமிழ் வெல்லும்’ என்று தமிழிலேயே பொறித்திருப்பதைக் காணும்போது இக்குறை நெஞ்சை உறுத்துகிறது.

இந்நாணயத்தைப் பாதுகாப்பதன் சூட்சுமம் அதன் உலோகக் கலப்பில் அடங்கியுள்ளது. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் தீண்டுவதால் வெள்ளியின்மேல் வெள்ளி சல்பைடு என்னும் கரும்படலம் படிகிறது. செம்போ ஈரத்தில் பச்சைக் களிம்பேறும் சுபாவமுடையது. திருநீறும் புளியும் இட்டு வெள்ளி விளக்கைத் துலக்கும் நம் இல்லத்து நல்வழக்கம் பூஜை அறைக்கு எவ்வளவு உகந்ததாயினும், அதை நாணயத்தின்மேல் பிரயோகிப்பது நாசமே விளைவிக்கும். ஏனெனில் ஒவ்வொரு தேய்ப்பிலும் அச்சின் நுண்ணிய கோடுகள் மழுங்கி, மதுரை தெற்காவணி மூலவீதியின் தேர்ந்த பொற்கொல்லராலும் மீட்டுத் தர இயலாத ஆதிப் பளபளப்பு அடியோடு மறைகிறது. சீராகப் படிந்த கருமை வயதின் இயல்பான நிறம். அதனை அவ்வாறே விட்டுவிடுவதே விவேகம்.

விளிம்பைப் பற்றியே எடுக்கவேண்டும். விரல் வியர்வையின் உப்பு ரேகையாகவே பதிந்துவிடும். ரப்பர் வளையத்தில் கந்தகம் உண்டு, மலிவான பி.வி.சி. உறைகளோ நாளடைவில் அமிலம் கசிந்து செம்பைப் பச்சையாக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இடுதல் நன்று. உறையின் பிசுக்கு ஏற்கெனவே ஒட்டியிருப்பின், நகப்பூச்சு நீக்கும் திரவத்தை ஒதுக்கி, கலப்பற்ற அசிட்டோனைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வார்த்து, தீயின் அருகாமை தவிர்த்து, நாணயத்தைச் சற்று ஊறவைத்தபின், துடைக்காமல் தானே உலரவிடல் வேண்டும்.