ஊர்–காலனிப் பிளவு (பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள்)

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்துக் கிராமங்களில் ஆதிதிராவிடர் குடியிருப்புக்கும் மற்றச் சாதியார் தெருக்களுக்கும் நடுவே உள்ள பிரிவு. பேச்சுவழக்கில் ஒன்று ‘ஊர்’, மற்றது ‘காலனி’, முன்பு ‘சேரி’. இடையில் ஒரு வயலோ ஓடையோ தார்ச்சாலையோ கிடக்கும். அமெரிக்காவில் 1930களில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளை வரைபடத்தில் சிவப்பால் குறித்து, வீட்டுக் கடனுக்கு ஆகாதவை என்று ஒதுக்கினார்கள். இங்கே வரைபடம் தேவைப்படவில்லை. எந்தத் தெருவில் செருப்பைக் கழற்ற வேண்டும் என்பது பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது.

2011 கணக்கெடுப்பின்படி பட்டியல் சாதியினர் பெரம்பலூரில் சுமார் 31 விழுக்காடு, அரியலூரில் சுமார் 23 விழுக்காடு. மற்றவர்களில் வன்னியர் பெருந்தொகை. செந்துறை, ஆண்டிமடம் பக்கத்து முந்திரிக் காட்டில் இரு தரப்பும் கூலிக்கு நிற்பதுண்டு. வன்னியரிலும் பெரும்பாலோர் சிறு விவசாயிகள்தாம். அதனால் இதை உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் நடக்கும் சண்டை என்று சொல்லிவிட முடியாது.

கட்சி அரசியலில் இப்பிளவு அழுத்தமாகப் பதிந்தது 1987க்குப் பிறகு. அந்தச் செப்டம்பரில் தனி இடஒதுக்கீடு கேட்டு வன்னியர் சங்கம் ஒரு வாரம் சாலை மறியல் நடத்தியது. வட மாவட்டங்களில் 21 பேர் உயிரிழந்தனர். 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 விழுக்காடு கிடைத்தது; சங்கத்திலிருந்து பாட்டாளி மக்கள் கட்சியும் (பா.ம.க.) அவ்வாண்டே பிறந்தது. மறுபுறம் பட்டியல் சாதியினரைத் தளமாகக் கொண்ட விடுதலைச் சிறுத்தைகள் 1999இல் தேர்தலுக்கு வந்தார்கள். வன்னியர் சங்கத் தலைவராக இருந்த ஜெ. குருவின் காடுவெட்டியும், சிறுத்தைகளின் தலைவர் தொல். திருமாவளவனின் அங்கனூரும் இதே அரியலூர் மாவட்டத்து ஊர்கள்.

மாவட்டமே ஆட்சிக்கு ஆட்சி உருமாறியது. திருச்சியிலிருந்து 1995இல் பெரம்பலூர் பிரிந்தது. அதிலிருந்து 2001இல் தி.மு.க. அரசு அரியலூரைப் பிரித்தது, 2002இல் அ.தி.மு.க. அரசு சேர்த்தது, 2007இல் மறுபடி பிரிந்தது. தொகுதி மறுவரையறையில் குன்னம், அரியலூர், ஜெயங்கொண்டம் ஆகியவை திருமாவளவன் போட்டியிடும் சிதம்பரம் தனித் தொகுதிக்குள் வந்தன. அதன்பின் நாடாளுமன்றத் தேர்தல் என்றாலே கிராமங்களில் பதற்றம்தான்.

அரியலூர் மாவட்டத்துப் பொன்பரப்பியைத் தனியே சொல்லியாக வேண்டும். சாதி ஒழிப்பை வலியுறுத்திய, ஆயுதப் பாதையில் சென்ற தமிழ்த் தேசியர் தமிழரசன் 1987 செப்டம்பர் 1 அன்று, வங்கிக் கொள்ளை முயற்சியின்போது அடித்துக் கொல்லப்பட்டது இவ்வூரில்தான். அடுத்தது 2019 ஏப்ரல் 18, நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு நாள். திருமாவளவனின் சின்னம் பானை. தெருவில் ஒரு பானையைப் போட்டு உடைத்தார்கள்; தட்டிக் கேட்டதில் கைகலப்பு. சற்று நேரத்தில் கும்பல் காலனிக்குள் புகுந்தது. ஓடுகள் நொறுங்கின, இருசக்கர வாகனங்கள் உடைந்தன. இருபது வீடுகள் வரை சேதம். சமைக்கும் மண்பானையை ஒரு சாதியின் அடையாளமாகப் பார்க்கும் அளவுக்கு வெறுப்பு முற்றியிருந்தது. அத்தேர்தலில் திருமாவளவன் வென்றது 3,219 வாக்கு வித்தியாசத்தில். 2024இல் வித்தியாசம் ஒரு லட்சத்தைத் தாண்டியது.

சாதிப் பிளவோடு ஒப்பிட்டால் மதப் பூசல் இங்கே அரிது. பெரம்பலூர் மாவட்டம் வி. களத்தூரில் 2012 முதல் கோயில் ஊர்வலப் பாதை குறித்து இந்து–முஸ்லிம் தகராறு எழுந்தது. 2021இல் உயர் நீதிமன்றம் எல்லாத் தெருவழியும் ஊர்வலம் செல்லலாம் என்றது.

பிளவு எப்போதும் வாக்காகவே மாறிவிடுவதில்லை. 2011 சட்டமன்றத் தேர்தலில் பா.ம.க.வும் சிறுத்தைகளும் தி.மு.க. கூட்டணியில் ஒன்றாக நின்றார்கள். குரு ஜெயங்கொண்டத்தில் வென்றதும் அப்போதுதான். 2017இல் மருத்துவக் கனவு கைகூடாமல் அரியலூர் மாவட்டக் குழுமூர் மாணவி ஒருவர் இறந்தபோது, மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வுக்கு எதிராகப் பல தரப்பிலிருந்தும் குரல் எழுந்தது. இறந்தவர் காலனிப் பெண்ணா ஊர்ப் பெண்ணா என்று அன்று பலரும் கேட்கவில்லை.

2025 ஏப்ரல் 29 அன்று, ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதல்வர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். பேருந்தில் டிக்கெட் கேட்கும்போது நாக்கில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது.