பாரதியாரின் நூல் வணிகக் கணக்கு

புலமையும் வறுமையும் உடன்பிறந்தவை என்னும் பேச்சு தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. பரிசில் நாடிக் காடும் மேடும் கடந்த பாணரைத் தொடக்கமாகக் கொண்டு, அப்பேச்சுக்குச் சான்று காட்டுவோர் பலர். அவ்வரிசையின் இறுதியில் தவறாது நிறுத்தப்பெறுபவர் சுப்பிரமணிய பாரதியார். சமையலுக்கு வைத்திருந்த அரிசியைக் குருவிகளுக்கு அவர் இறைத்த கதையைக் கூறாத பாரதி விழா மேடை அரிது. கதை அழகியதே. ஆயினும் அதனை மட்டுமே கேட்டு வளரும் மாணவன், பொருளைப் பற்றி எண்ணியறியாத ஒருவராகவே பாரதியாரைக் கருதிவிடுகின்றான். எழுத்தைக் கொண்டு வாழ்வது எங்ஙனம் என்று தாளும் கோலும் எடுத்துக் கணக்கிட்ட பாரதியார் ஒருவரும் உண்டு. அவரைப் பற்றிப் பாடநூல்கள் அதிகம் பேசுவதில்லை.

அக்கணக்கின் அருமையை உணர, அவருக்கு முந்திய புலவர்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதைச் சிறிது நோக்குதல் வேண்டும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) தலபுராணங்கள் பல பாடியவர். ஓர் ஊரின் செல்வர்கள் தம் கோயிலுக்குப் புராணம் வேண்டுமென்று கேட்பர், புலவர் பாடுவார், கோயில் மண்டபத்தில் நாள்தோறும் சிறிது சிறிதாக அரங்கேற்றம் நிகழும், நிறைவு நாளில் பொன்னாடையும் பணமும் வழங்கப்பெறும். புலவரின் வருவாய் அவ்வளவே. எத்தனை பேர் அந்நூலைப் படித்தனர் என்பதற்கும் அவர் பெற்ற பொருளுக்கும் தொடர்பில்லை. ஒரு வள்ளலின் மனம் குளிர்ந்தால் வீட்டில் அடுப்பெரியும். அவர் மனம் மாறினால் கடன். திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆதரவு பெற்றிருந்தும் பிள்ளையவர்கள் கடனால் வருந்தியதை அவர்தம் மாணாக்கர் உ. வே. சாமிநாதையர் எழுதியுள்ளார்.

சாமிநாதையர் காலத்தில் அச்சுப்பொறி வந்துவிட்டது. 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தபோது, நூலை வாங்கிக்கொள்வதாக ஒப்புவோரிடம் முன்னரே கையொப்பம் பெறும் முறையை அவர் கையாண்டார். ஒரு வள்ளலின் இடத்திற்குப் பல வாசகர்கள் வரத் தொடங்கிய காலம் அது. எனினும் அவருடைய குடும்பத்தைக் காத்தது சிந்தாமணியன்று. கும்பகோணம் கல்லூரியில் 1880 முதல் அவர் ஏற்றிருந்த தமிழாசிரியர் பணியே. ஆசிரியர் ஊதியம் பழந்தமிழ் நூல்களுக்குச் சோறிட்டது என்று கூறினும் பிழையில்லை.

பாரதியார் இவ்விரு வழிகளையும் இளமையிலேயே கண்டவர். எட்டயபுரம் அரண்மனையில் சிலகாலம் பணியாற்றினார். 1904ஆம் ஆண்டில் மதுரைச் சேதுபதி உயர்நிலைப்பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியராக ஏறத்தாழ மூன்று மாதம் இருந்தார்; மாத ஊதியம் 17½ ரூபாய். அவ்வாண்டின் இறுதியில் சென்னை சென்று, ஜி. சுப்பிரமணிய ஐயர் நடத்திய சுதேசமித்திரனில் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கூலி கிடைத்தது ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கும் பணிக்கே, பாட்டுக்கு அன்று. தமிழில் எழுதுபவன் மாதந்தோறும் ஊதியம் பெறலாம் என்ற நிலையைச் செய்தித்தாள் உருவாக்கியது உண்மை. ஆனால் அது விலை கொடுத்தது எழுத்தாளனின் உழைப்பு நேரத்திற்கு. கவிதை, அந்நேரம் போக எஞ்சிய பொழுதில் பிறந்தது.

1907இல் ஒரு விந்தை நிகழ்ந்தது. மிதவாதியாகிய வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர், தீவிரவாதியாகிய பாரதியாரின் தேசியப் பாடல்கள் சிலவற்றைக் கேட்டு உருகி, அவற்றைத் தம் செலவில் அச்சிட்டு இலவசமாகப் பரப்பினார். 15,000 படிகள் என்பர். பாரதியாரின் பாடல் அத்தனை கைகளுக்குச் சென்றது அதுவே முதன்முறை. ஆனால் அக்கைகளில் ஒன்றேனும் காசு கொடுத்து அதனைப் பெறவில்லை. புதிய செய்தியைப் பழைய வள்ளன்மையே சுமந்து சென்றது.

1908இல் புதுச்சேரி சென்ற பின் நிலைமை மாறியது. அவர் நடத்திய இந்தியா இதழ் பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் நுழையத் தடை விதிக்கப்பெற்று, 1910இல் நின்றது. ஊதியம் தந்த பத்திரிகை போயிற்று. எழுதும் பொழுது நிறைய வாய்த்தது. பாஞ்சாலி சபதம், குயில் பாட்டு, கண்ணன் பாட்டு யாவும் அப்பத்தாண்டுகளின் விளைவு. அவற்றுள் அச்சேறியவை எவை? பாஞ்சாலி சபதத்தின் முதற் பாகம் 1912இல் வெளிவந்தது. கண்ணன் பாட்டைப் பரலி சு. நெல்லையப்பர் 1917இல் வெளியிட்டார். குயில் பாட்டும் பாஞ்சாலி சபதத்தின் இரண்டாம் பாகமும் கவிஞர் கண்மூடிய பின்னரே நூலாயின. திரௌபதியின் சபதத்தை எழுதி முடித்தவர், அப்பகுதியை நூல் வடிவில் காணாமலே மறைந்தார்.

1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளிவந்ததும் கடலூரருகே கைதாகி, சிறிது காலம் சிறையிலிருந்து, விடுதலை பெற்று, மனைவியின் ஊராகிய கடையத்தில் தங்கினார். கையில் பொருளில்லை. 1919 மே மாதத்தில் எட்டயபுர மன்னருக்குச் சீட்டுக்கவி எழுதினார். புலவன் அரசனுக்குப் பாட்டாலே விண்ணப்பம் விடுக்கும் தொன்மையான மரபு அது. பாட்டு சென்றது, பரிசில் வரவில்லை. இந்நிகழ்ச்சியைக் கவிஞரின் வீழ்ச்சி என்று சிலர் வருந்துவர். வருந்த ஒன்றுமில்லை. ஒரு வழி அடைபட்டதென்பதை அவர் சோதித்தறிந்தார் என்று கொள்வதே பொருந்தும். ஏனெனில் அடுத்த ஆண்டிலேயே முற்றிலும் வேறான ஒரு வழியைத் திட்டமிடுகின்றார்.

1920 ஜூன் மாதத்தில் கடையத்திலிருந்து தம் நண்பர்களுக்கு அவர் ஆங்கிலத்தில் ஒரு சுற்றுக்கடிதம் விடுத்தார். அதன் செய்தி இது: பன்னிரண்டு ஆண்டுக்கால உழைப்பின் பயனாகிய கையெழுத்துப் படிகளை நாற்பது நூல்களாக வகுக்க வேண்டும், ஒவ்வொன்றும் முதற் பதிப்பில் 10,000 படிகள், ஆக நான்கு இலட்சம். விலை படிக்கு அரை ரூபாய். தொடக்கச் செலவுக்கு 20,000 ரூபாய் தேவை. ஓராண்டில், மிஞ்சினால் ஈராண்டில், ஒன்றரை இலட்சம் ரூபாய் ஆதாயம் உறுதி. நூல்கள் எளிய நடையில், படங்களுடன், மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல வீடுதோறும் விலைபோகும். ஆதலின் நண்பர்கள் கடனாகப் பணம் அனுப்புக. முத்திரையிட்ட கடன்பத்திரம் தரப்படும். வட்டி நூற்றுக்கு மாதம் இரண்டு.

இக்கடிதத்தைச் சிலர் வானத்துக் கோட்டை என்று நகைப்பதுண்டு. நகைப்பதற்கு முன் இதிலுள்ள மாற்றத்தைக் கருத வேண்டும். கொடை என்ற சொல்லுக்கே இதில் இடமில்லை. கேட்பது கடன், தருவது வட்டி. மன்னருக்கு விடுத்த சீட்டுக்கவிக்கும் நண்பர்க்கு விடுத்த இக்கடிதத்திற்கும் இடையே ஓராண்டுதான் கழிந்திருந்தது. ஆயினும் முன்னதை எழுதியவர் புலவர், பின்னதை எழுதியவர் பதிப்பாளர். தீப்பெட்டியை உவமையாக்கியதும் வெறும் மிகையன்று. தீப்பெட்டியை வாங்குபவன் யாரையும் ஆதரிப்பதாக எண்ணுவதில்லை. தனக்கு வேண்டியிருப்பதால் வாங்குகின்றான். நூலும் அவ்வாறு வேண்டப்படும் பொருளாக வேண்டும் என்பதே கவிஞரின் உள்ளக்கிடக்கை.

கணக்கு எங்கே இடறியது? நான்கு இலட்சம் படிகளும் அரை ரூபாய் விலைக்கு விற்றால் வரவு இரண்டு இலட்சம். அதில் ஒன்றரை இலட்சம் ஆதாயமெனின், அச்சு, தாள், படம், தபால், கடைக்காரர் கழிவு ஆகிய யாவும் ஐம்பதினாயிரத்துள் அடங்க வேண்டும், படிக்கு இரண்டணா. தொடக்க முதலோ படிக்கு ஓரணாவும் ஆகாது. எனவே முதலில் அச்சிட்ட நூல்கள் விரைந்து விற்று, அப்பணம் திரும்பி வந்து, அடுத்த நூல்களை அச்சிட வேண்டும். வட்டியோ இருபதாயிரத்துக்கு மாதம் 400 ரூபாய். மதுரையில் அவர் பெற்ற மாத ஊதியத்தைப் போல் இருபது மடங்குக்கு மேற்பட்ட தொகை, நூல் விற்றாலும் விற்காவிட்டாலும், மாதந்தோறும் ஏறிக்கொண்டிருக்கும்.

விற்பதற்கோ ஊர்தோறும் கடையில்லை. அக்காலச் சென்னை மாகாணத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கே எழுத்தறிவு இருந்தது. மண்ணெண்ணெய்க்கு மூலை முடுக்கெல்லாம் மளிகைக் கடை இருந்தது போல் தமிழ் நூலுக்கு ஒரு வழி அமைந்திருக்கவில்லை. அன்றியும், அரசின் கண்காணிப்பில் இருந்தவருக்குக் கடன் கொடுக்க எத்தனை பேர் துணிவர்? கவிஞர் தம் புகழை மிகையாக மதிப்பிடவில்லை என்பதைப் பிற்காலம் காட்டிற்று. அப்புகழைப் பணமாக்கும் பாதை இன்னும் வெட்டப்படவில்லை என்பதையே அவர் எண்ணாது விட்டார்.

பணம் திரளவில்லை. 1920 நவம்பரில் பாரதியார் மீண்டும் சென்னை வந்து சுதேசமித்திரனில் அமர்ந்தார். மறுபடியும் மாத ஊதியம். 1921 செப்டம்பரில், முப்பத்தொன்பதாம் அகவை நிறையுமுன், திருவல்லிக்கேணியில் மறைந்தார்.

அதன் பின்னரே அவர் பாடல்கள் பொருளீட்டத் தொடங்கின. மனைவி செல்லம்மா பாரதி 1922இல் பாரதி ஆச்ரமம் என்னும் பெயரால் சுதேச கீதங்களை வெளியிட்டார். பின்னர் உறவினர் சேர்ந்து அமைத்த பாரதி பிரசுராலயம் நூல்களைத் தொடர்ந்து பதிப்பித்தது. 1928இல் அரசு அந்நூல்களைப் பறிமுதல் செய்தபோது சட்டமன்றத்தில் எதிர்ப்புக் குரல் எழுந்தது. நூலின் புகழ் வளர்ந்தது. 1931இல் செல்லம்மா பதிப்புரிமையை 4,000 ரூபாய்க்குப் பிரசுராலயத்தாருக்கு விற்றார். கடனும் குடும்பச் சுமையும் அழுத்திய நிலையில் செய்த விற்பனை. அவரைக் குறை கூறுவதற்கில்லை.

பாரதியார் எண்ணிப் பார்த்திராத ஒரு புதுச் சந்தை பின்னர்த் திறந்தது. இசைத்தட்டும் வானொலியும் பேசும்படமும் வந்தன. எழுத்தறியாதவனும் பாட்டைக் காசு கொடுத்துக் கேட்கலாயினான். பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை 1930களில் சில நூறு ரூபாய்க்கு ஒரு வணிகருக்குக் கைமாறியது. அதே உரிமையை 1940களின் நடுவில் ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் வாங்கியபோது விலை பத்தாயிரத்தை ஒட்டியிருந்தது. 1947இல் அவர் எடுத்த நாம் இருவர் படத்தில் டி. கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாடல்கள் தமிழகமெங்கும் ஒலித்தன. மற்றொரு படத்தில் டி. கே. ஷண்முகம் சகோதரர்கள் பாரதி பாட்டைப் பயன்படுத்தியதும் வழக்கு எழுந்தது. பாரதியின் பாட்டைப் பாடத் தனி ஒருவரின் இசைவு வேண்டுமா என்று எழுத்தாளரும் பொதுமக்களும் கிளர்ந்தனர்.

1949 மார்ச்சில் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் அரசு உரிமைகளை ஏற்க முடிவு செய்தது. மெய்யப்பச் செட்டியார் தம் உரிமையைப் பணம் பெறாது ஒப்படைத்தார். நூலுரிமை பெற்றிருந்த தம்பி விசுவநாதனுக்கு 15,000 ரூபாயும், செல்லம்மாவுக்கும் மகளிர் இருவர்க்கும் ஆளுக்கு 5,000 ரூபாயும் வழங்கப்பெற்றன. மொத்தம் 30,000. கடையத்திலிருந்து கடனாகக் கேட்ட தொகையைக் காட்டிலும் பத்தாயிரம் மிகுதி. வந்து சேர இருபத்தொன்பது ஆண்டுகள்.

அக்காலச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து ஐம்பதாண்டு வரை, அஃதாவது 1971 வரை, உரிமை நீடித்திருக்கும். 1955இல் அரசே தன் உரிமையை விட்டுக்கொடுத்துப் பாடல்களைப் பொதுமக்கள் உடைமையாக்கியது. அதன் பின் பதிப்பாளர் பலர் போட்டியிட்டு மலிவுப் பதிப்புகளை வெளியிட்டனர். அவை கடல்கடந்து மலாயாவிலும் சிங்கப்பூரிலும் தமிழர் வீடுகளுக்கு வந்தன. பின்னாளில் தமிழ்நாட்டு அரசு இவ்வாறே நூற்றுக்கு மேற்பட்ட ஆசிரியர்களின் நூல்களை நாட்டுடைமையாக்கிக் குடும்பத்தாருக்குப் பரிவுத்தொகை வழங்கியுள்ளது. ஆசிரியர்களுள் பெரும்பாலோர் அத்தொகை வழங்கப்பெற்ற காலத்தில் உயிருடன் இல்லை.

கடையத்துக் கடிதம் இன்றும் படிக்கக் கிடைக்கின்றது. பாஞ்சாலி சபதத்தைக் கற்பிக்கும் ஆசிரியர் அதனையும் வகுப்புக்குக் கொண்டு செல்லலாம். நாற்பது நூல், நான்கு இலட்சம் படி, அரை ரூபாய் விலை, மாதம் இரண்டு விழுக்காடு வட்டி: மாணவர்கள் தாமே கூட்டிக் கழித்துப் பார்ப்பதற்கு வேண்டிய எண்கள் யாவும் அதில் உள்ளன.