பழுப்பேறிய டயல்

உங்கள் வீட்டு பீரோவிலும் ஒன்று இருக்கலாம். தாத்தா கட்டிய சாவி கொடுக்கிற கைக்கடிகாரம். டயல் பழுப்பேறி, பெயின்ட் உரிந்து, நாலைந்து எண்கள் பாதி உதிர்ந்திருக்கும். ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனால், "டயலைச் சுரண்டி புது பெயின்ட் அடிச்சுட்டா அப்படியே புதுசு மாதிரி ஆயிடும் சார்" என்பார். செய்யலாமா, வேண்டாமா?

மார்க்கெட்டைக் கேட்டால், 'வேண்டவே வேண்டாம்' என்று பதறும். காமர்ஸ் படித்தவர்களுக்குத் தேய்மானம் என்றால் தெரியும்: சாமான் பழசாகப் பழசாக விலை இறங்கும். பழைய வாட்ச் உலகத்தில் இந்தக் கணக்கு தலைகீழ். ஹாலிவுட் நடிகர் பால் நியூமன் கட்டிய ரோலக்ஸ் டேடோனா, 2017 அக்டோபரில் நியூயார்க் ஏலத்தில் சுமார் 1 கோடியே 77 லட்சம் டாலருக்குப் போனது. கட்டியவரின் பெயர் முதல் காரணம். ஆனால், அவர் பெயரால் அழைக்கப்படும் மற்ற டேடோனாக்களுக்கும் ஏக கிராக்கி! சாதாரண டேடோனாவிலிருந்து அவற்றைப் பிரித்துக் காட்டுவது டயல்தான். அதன்மேல் புது பெயின்ட் அடித்தால் என்ன மிஞ்சும்?

போகட்டும். பணத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது.

ஒரு லென்ஸ் வைத்து அந்த டயலைப் பாருங்கள். எண்களின் மேலும் முட்களின் நடுவிலும் பொருக்குத் தட்டிய ஒரு பூச்சு தெரிகிறதா? 1960களுக்கு முந்தைய வாட்ச் என்றால், அது ரேடியமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பைக் நம்பர் பிளேட்டில் ஒட்டுகிறோமே, அந்த 'ரேடியம் ஸ்டிக்கர்' இல்லை. அதில் ரேடியம் துளியும் கிடையாது, பெயர் மட்டும்தான் ஒட்டிக்கொண்டது. இது 1898-ல் க்யூரி தம்பதி கண்டுபிடித்த நிஜ ரேடியம்.

முதல் உலகப் போர் நடந்த நேரம். பதுங்கு குழியில் இருக்கும் சிப்பாய்க்கு இருட்டில் மணி தெரிய வேண்டும். ரேடியத்தைத் துத்தநாக சல்ஃபைடோடு கலந்து பூசினால் டயல் தானாகவே ஒளிரும். 1917-ல் அமெரிக்காவின் நியூஜெர்ஸி மாநிலத்தில், ஆரஞ்ச் என்ற ஊரில், இதற்கென ஒரு தொழிற்சாலை கிளம்பியது. பின்னாளில் அதன் பெயர் யுனைடெட் ஸ்டேட்ஸ் ரேடியம் கார்ப்பரேஷன். வேலைக்கு வந்தவர்கள் இளம்பெண்கள். எத்தனை டயலோ அத்தனை காசு.

எண்கள் மெல்லியவை. தூரிகை முனை ஊசிபோல இருந்தாக வேண்டும். என்ன செய்வது? உதட்டில் வைத்துக் கூராக்கு, பெயின்ட்டில் தொடு, எழுது. திரும்ப உதட்டில் வை. அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். 'ஆபத்தில்லையா?' என்று கேட்ட பெண்களுக்கு, 'ஒன்றும் ஆகாது' என்று பதில் கிடைத்தது. அவர்களும் நம்பினார்கள். வேலை முடிந்து வீடு திரும்பினால் உடையும் கூந்தலும் இருட்டில் மினுங்கும். விளையாட்டாக நகத்திலும் பல்லிலும்கூடப் பூசிக்கொண்டார்கள்!

ரேடியத்தைக் கால்சியம் என்று நினைத்து உடம்பு ஏமாந்துவிடும். நேராக எலும்பில் கொண்டுபோய்ச் சேர்க்கும். மோலி மாகியா என்ற பெண்ணுக்குப் பல்வலியில் ஆரம்பித்தது. பல்லைப் பிடுங்கினார்கள், புண் ஆறவில்லை. கடைசியில் தாடை எலும்பே பல் டாக்டரின் கையோடு வந்துவிட்டது. 1922 செப்டம்பரில் இறந்துபோனாள். சான்றிதழில் எழுதப்பட்ட காரணம், பால்வினை நோய்! ஐந்து வருடம் கழித்துக் கல்லறையைத் தோண்டிப் பார்த்தபோது அந்த நோய்க்கான தடயமே இல்லை. எலும்புகளில் இருந்தது கதிர்வீச்சு.

கம்பெனிக்குத் தெரியாதா? 1924-ல் ஹார்வர்டிலிருந்து ஆய்வாளர்கள் வந்தார்கள். குறை ரேடியத்தில்தான் என்று அறிக்கை கொடுத்தார்கள். கம்பெனியோ, பெண்கள் எல்லோரும் நல்ல ஆரோக்கியத்துடன் இருப்பதாக அந்த அறிக்கையே சொல்வதுபோலத் திரித்து அரசாங்கத்துக்கு அனுப்பியது. கிரேஸ் ஃப்ரையர் என்ற பெண்ணுக்கு, வழக்கு போட ஒரு வக்கீலைத் தேடுவதற்கே இரண்டு வருடம் ஆனது. 1927-ல் ஐந்து பெண்கள் வழக்கு தொடர்ந்தார்கள். அதில் இருவர் மோலியின் சகோதரிகள். சத்தியப்பிரமாணம் எடுக்கக் கையைத் தூக்க முடியாத நிலையில் கோர்ட்டுக்கு வந்தவர்களும் உண்டு. 1928-ல் சமரசம். ஆளுக்கு 10,000 டாலர், வருடத்துக்கு 600 டாலர், வைத்தியச் செலவு. அந்த 600 டாலரைக் கிரேஸ் ஐந்து வருடம்தான் வாங்கினார். 1933-ல் காலமானார்.

உங்கள் தாத்தாவின் வாட்ச் ஸ்விட்சர்லாந்தில் செய்ததாக இருக்கலாம், இந்தத் தொழிற்சாலைக்குச் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம். ஆனால், பூசியிருப்பது அதே சரக்கு. 'இப்போதுதான் அது ஒளிர்வதே இல்லையே' என்பீர்கள். தேய்ந்துபோனது துத்தநாக சல்ஃபைடு. ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 வருடம் வேண்டும். 80 வருடத்தில் 4 சதவிகிதம்கூடக் கரைந்திருக்காது. இந்தத் தேய்மானக் கணக்கு எந்த ஆடிட்டரையும் அசத்தும்!

கண்ணாடிக்குள் மூடியிருக்கும்வரை பெரும்பகுதிக் கதிர்கள் வெளியே வராது. கொஞ்சம் வரத்தான் செய்யும். ஆகவே, தினமும் கட்டுவதோ, படுக்கையறை அலமாரியில் இப்படிப் பத்து வாட்ச் சேர்ப்பதோ உசிதமில்லை. நிஜ ஆபத்து, சுரண்டும்போது. உரியும் தூள் காற்றில் ஏறும். அதை முதலில் சுவாசிப்பது நீங்களல்ல, கண்ணில் லென்ஸை மாட்டி, டயலுக்கு நாலு விரற்கடை தூரத்தில் மூக்கை வைத்திருக்கும் அந்த ரிப்பேர்க்காரர். அவருடைய டிபன் பாக்ஸும் பெரும்பாலும் அதே மேஜையில்தான்.

ஒளிரும் பூச்சே இல்லாத வெறும் டயல் என்றால் இந்தக் கவலை இல்லை. அதிலும், எழுத்து தடித்து, நிமிடக் கோடுகள் எண்ணுக்கு நேராக இல்லாமல் விலகி இருந்தால், ஏற்கெனவே யாரோ பெயின்ட் அடித்துவிட்டார்கள் என்று அர்த்தம். தாராளமாக இன்னொரு முறை அடித்துக்கொள்ளுங்கள், கெடுவதற்கு ஒன்றுமில்லை. ஒரிஜினல் என்றால், என் ஓட்டு பழுப்புக்குத்தான்.

ரேடியம் டயலா? அப்படியே விடுங்கள். ஓட வைத்துத்தான் ஆக வேண்டுமென்றால், வாட்சை நீட்டும்போதே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். பல பேருக்கு, மூடியைத் திறந்ததும் தூசு போக வாயால் ஒரு ஊது ஊதுகிற பழக்கம் உண்டு.