ஏசிக்கு வருஷா வருஷம் கேஸ் போடணுமா? சென்னைவாசிகள் தெரிஞ்சுக்க வேண்டிய பராமரிப்புக் கணக்கு

மே மாதம். ராத்திரி 11 மணி ஆகியும் புழுக்கம் குறையவில்லை. ஏசி ஓடுகிறது, ஆனால் ரூம் குளிரவில்லை. மறுநாள் வரும் மெக்கானிக் திறந்து பார்த்துவிட்டுச் சொல்கிறார்: "கேஸ் இறங்கிடுச்சு சார், போட்டா சரியாயிடும்." சுமார் 3,000 ரூபாய். வெயில் கொடுமையில் யார் பேரம் பேசுவது? கொடுத்துவிடுகிறோம். அடுத்த வருஷம் அதே மே மாதம், அதே வசனம், அதே செலவு.

உண்மையிலேயே ஏசிக்கு வருஷம் ஒருமுறை கேஸ் போடணுமா? சென்னை மாதிரி கடலோர ஊரில் ஒரு ஏசியைப் பராமரிக்க நியாயமாக எவ்வளவு ஆகும்? விரிவாகப் பார்க்கலாம்.

ஏசி கேஸ் தீர்ந்து போகுமா?

போகாது. சமையல் கேஸ் எரிகிறது, அதனால் தீர்கிறது. ஏசி கேஸ் எரிவதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வந்து, ரூமில் இருக்கும் சூட்டை வாங்கி வெளியே கொண்டுபோய்க் கொட்டுவதுதான் அதன் வேலை. வீட்டு ஃபிரிட்ஜும் இதே முறையில்தான் இயங்குகிறது. அதற்கு நாம் வருஷா வருஷம் கேஸ் போடுவதில்லையே!

அப்படியானால் கேஸ் குறைந்திருக்கிறது என்றால் ஒரே அர்த்தம்தான்: எங்கேயோ லீக் இருக்கிறது. லீக்கை அடைக்காமல் கேஸ் போடுவது, ஓட்டை வாளியில் தண்ணீர் பிடிக்கிற கதைதான்.

சென்னையில் மட்டும் ஏன் இவ்வளவு தொல்லை?

இரண்டு காரணங்கள்: ஈரப்பதம், உப்புக்காற்று.

ஏசி குளிரை மட்டும் தருவதில்லை, காற்றில் உள்ள ஈரத்தையும் பிழிந்து எடுக்கிறது. புழுக்கமான நாளில் ஒரு 1.5 டன் ஏசி மணிக்கு ஒரு லிட்டருக்கும் மேல் தண்ணீரை வெளியேற்றலாம். அந்த ஈரத்தில் தூசி ஒட்டி, காயிலிலும் தண்ணீர் போகும் டியூபிலும் வழவழப்பான பாசி போலப் படியும். உள்ளே இருக்கும் யூனிட்டிலிருந்து சுவரில் தண்ணீர் ஒழுகுவதற்கும், ஆன் செய்ததும் ஒரு வாடை அடிப்பதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

உப்புக்காற்று வெளியே இருக்கும் யூனிட்டைத் தாக்குகிறது. திருவான்மியூர், பெசன்ட் நகர், நீலாங்கரை, காசிமேடு போன்ற பகுதிகளில் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். காப்பர் குழாயும் அலுமினியத் தகடும் சேரும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அரிப்பு வேகமாகும். தகடு பொடிப்பொடியாக உதிரும். கடைசியில் குழாயில் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்து கேஸ் கசியும்.

கூலிங் குறைந்தால் முதலில் என்ன பார்க்கணும்?

கேஸுக்குப் போவதற்கு முன், இவற்றைப் பாருங்கள்:

- ஃபில்டர்: முன்பக்க மூடியைத் திறந்தால் வலை போல இருக்கும். கோடையில் 2 வாரத்துக்கு ஒருமுறை குழாய்த் தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து மாட்டினால் போதும். செலவு 0 ரூபாய். கழற்றும் முன் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.
- வெளி யூனிட்: எதிரே துணி காயப்போட்டிருக்கிறதா, பழைய சாமான் அடுக்கியிருக்கிறதா? சூடான காற்று வெளியேற வழியில்லை என்றால் ஏசி என்ன செய்யும்?
- கெப்பாசிட்டர்: உள்ளே காற்று வருகிறது, ஆனால் வெளி யூனிட் ஃபேனோ கம்ப்ரஸரோ ஓடவில்லை. பழைய, இன்வெர்ட்டர் அல்லாத ஏசிகளில் இது அடிக்கடி நடக்கும். சில நூறு ரூபாய் பொருள்தான். ஆனால் கரண்டை அணைத்த பிறகும் இது ஷாக் அடிக்கலாம், நீங்களே கை வைக்க வேண்டாம்.

இன்னொரு முக்கியமான விஷயம். ஃபில்டரும் காயிலும் அடைத்திருந்தாலே கேஸ் பிரஷர் மீட்டரில் குறைவாகத்தான் காட்டும். அதனால் முதலில் சர்வீஸ், அதற்குப் பிறகுதான் பிரஷர் பார்க்கணும். வரிசை மாறினால், தூசிக்கு ஆகவேண்டிய செலவு கேஸுக்குப் போய்விடும்.

எதுக்கு எவ்வளவு ஆகும்?

ஒரு ஸ்பிளிட் ஏசிக்கு சென்னையில் தோராயமாக (ஏரியா, பிராண்டு, சீசன் பொறுத்து மாறும்):

- சாதாரண சர்வீஸ்: 500 முதல் 800 ரூபாய்
- பம்ப் வைத்துத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் சர்வீஸ்: 800 முதல் 1,500 ரூபாய்
- முழுசாக கேஸ் நிரப்ப: 2,500 முதல் 4,000 ரூபாய்
- இன்வெர்ட்டர் ஏசியின் பிசிபி போர்டு, காயில்: பல ஆயிரம் ரூபாய்

கணக்கு போட்டுப் பாருங்கள். லீக் பார்க்காமல் 3 வருஷம் கேஸ் மட்டும் போட்டால் சுமார் 9,000 ரூபாய், லீக் அப்படியே இருக்கும். முதல் தடவையே லீக்கைக் கண்டுபிடித்து வெல்டிங் வைத்து கேஸ் நிரப்பினால், அன்றைக்கு ஆயிரம் இரண்டாயிரம் கூடுதலாகப் போகலாம். ஆனால் செலவு அதோடு நிற்கும்.

"கேஸ் போடணும்" என்றால் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

1. லீக் எங்கே? சோப்பு நுரை தடவியோ, நைட்ரஜன் ஏற்றியோ லீக் இருக்கும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஏசியைக் கழற்றி வேறு வீட்டில் மாட்டியிருந்தால், முதலில் குழாய் ஜாயின்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.
2. என்ன கேஸ், எத்தனை கிராம்? வெளி யூனிட்டில் ஒட்டியிருக்கும் லேபிளிலேயே ஆர்32, ஆர்410ஏ என்று கேஸ் பெயரும் எடையும் இருக்கும். போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேறு கேஸ் போட விடாதீர்கள்.
3. வேக்கம் போடுவீர்களா? குழாயில் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சிய பிறகுதான் கேஸ் நிரப்பணும். இல்லையென்றால் கம்ப்ரஸர் ஆயுள் குறையும்.
4. எடை போட்டு நிரப்புவீர்களா? இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரஸர் வேகம் மாறிக்கொண்டே இருப்பதால் பிரஷரும் மாறும். மீட்டரை மட்டும் நம்ப முடியாது, தராசு வேண்டும்.

ஆர்32 தீப்பற்றக்கூடிய கேஸ் என்பதும் நினைவிருக்கட்டும். கேஸ் வெளியேறும்போது பக்கத்தில் நெருப்பு கூடாது.

"10 வருஷ வாரண்டி இருக்கே?"

பெரும்பாலும் அது கம்ப்ரஸருக்கு மட்டும். கேஸ், காயில், கூலி எல்லாம் அதில் வராமல் போகலாம். வாரண்டி கார்டில் ஒவ்வொன்றுக்கும் எத்தனை வருஷம் என்று தனித்தனியாகப் பாருங்கள். ஏஎம்சி போடுவதாக இருந்தாலும் கேஸும் உதிரிபாகமும் சேர்த்தியா என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். 18% ஜிஎஸ்டி சேர்த்துத்தான் சொல்கிறார்களா என்பதையும் கேளுங்கள்.

கரண்ட் பில்லும் பராமரிப்புச் செலவுதான்

அழுக்கு ஏசி அதே குளிருக்கு அதிக நேரம் ஓடும். நம் ஊரில் 2 மாதத்துக்கு ஒருமுறை வரும் பில்லில், யூனிட் கூடக் கூட விலையும் ஏறுகிறது. கோடையில் ஸ்லாப் தாண்டினால் வலிக்கும். தெர்மோஸ்டாட்டை 1 டிகிரி கூட்டினால் சுமார் 6% மின்சாரம் மிச்சமாகும் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் வாரியம். 24 டிகிரியில் வைத்து, கூடவே ஃபேனையும் மெதுவாக ஓடவிடுங்கள்.

எப்போது சர்வீஸ் செய்யணும்?

வருஷத்துக்கு 2 தடவை: பிப்ரவரி, மார்ச்சில் ஒன்று, வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒன்று. கடற்கரை ஓரம் என்றால் 3, 4 மாதத்துக்கு ஒருமுறை வெளி யூனிட்டை நல்ல தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். உப்பு படிவது குறையும். அக்னி நட்சத்திரம் வரை காத்திருந்தால் மெக்கானிக் கிடைப்பதே கஷ்டம். கிடைத்தாலும் நிதானமாக லீக் பார்க்க அவருக்கு நேரம் இருக்காது.

ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் ஒரு ஏசிக்கு வருஷம் 1,000 முதல் 2,000 ரூபாய்க்குள் பராமரிப்பை முடிக்கலாம். இந்த வருஷமும் "கேஸ் இறங்கிடுச்சு" என்று யாராவது சொன்னால், பணம் எடுக்கும் முன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "இறங்குன கேஸ் எந்த வழியா போச்சுண்ணே?"