பிரதர்களின் பள்ளியும் தோட்டத்துப் பிள்ளையும்

பேராக் மாநிலத்து ஈப்போவில் ஒரு தமிழ்க் குடும்பம் மகனை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்ப நினைத்தால், 1912க்குப் பிறகு அதற்கு மூன்று வாசல்கள் இருந்தன. மெதடிஸ்டுகளின் ஆங்கிலோ சீனப் பள்ளி 1895இலும், அரசாங்கத்தின் ஆண்டர்சன் பள்ளி 1909இலும், கத்தோலிக்க லசால் பிரதர்களின் செயின்ட் மைக்கேல்ஸ் 1912இலும் தொடங்கப்பட்டன. பெண் பிள்ளைகளுக்கு 1907 முதலே கான்வென்ட் இருந்தது. மதச் சாயலே வேண்டாம் என்பவருக்கு ஆண்டர்சன் இருந்தும், இந்துக் குடும்பங்கள் பிரதர்களிடமும் சிஸ்டர்களிடமும் பிள்ளைகளை ஒப்படைத்தன. இந்த வரலாற்றைப் பேசும்போதெல்லாம் மதமாற்றக் கேள்விதான் முதலில் எழுகிறது. பேராக் தமிழர்களைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய கேள்வி வேறு: அந்த வாசலுக்கு வந்து சேர முடிந்தவர்கள் யார்?

மதமாற்றக் கணக்கை முதலில் பார்த்துவிடலாம். கத்தோலிக்கப் பிள்ளைகள் ஞானோபதேசம் படித்த வேளையில் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு நடந்தது. அரசு மானியம் பெற்ற இப்பள்ளிகள் எல்லா மதத்துப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டன. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மலேசிய இந்தியரில் சுமார் 86 விழுக்காட்டினர் இந்துக்கள், 6 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள். அந்த ஆறிலும் பேராக்கின் பாகான் செராய்க் குடியேற்றத்தார் போலத் தமிழகத்திலிருந்தே கத்தோலிக்கராக வந்தவர்களின் வழித்தோன்றல்கள் உண்டு. கான்வென்ட் அனாதை இல்லங்களில் ஞானஸ்நானம் நடந்ததே என்று கேட்பது நியாயம். ஆதரவற்ற குழந்தையின் நிலை வேறு, மாலையில் வீடு திரும்பும் மாணவனின் நிலை வேறு. எண்ணிக்கை எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பதும் உண்மை. 1929 இறுதியில் மலாயா வந்த சுயமரியாதை இயக்கத் தலைவர் பெரியார் ஈப்போவிலும் பேசினார். அந்தச் சுயமரியாதைக் கருத்தை ஏற்றுக் கோயிலையே விட்டுவிட்ட வீட்டுப் பிள்ளைக்கு, சுவரில் சிலுவையும் காலை ஜெபமும் உள்ள வகுப்பறை இன்னொரு மதத்தின் வீடுதான். 1957 அரசியலமைப்பின் 12ஆவது பிரிவு, தன் மதம் அல்லாத மதத்தின் போதனையையோ வழிபாட்டையோ எவர்மீதும் திணிக்கக் கூடாது என்கிறது. தன் மதம் என்று ஒன்று இருப்பதாகவே அந்த வாசகம் எடுத்துக்கொள்கிறது. மதமே இல்லாதவனை அது நினைத்துப் பார்க்கவில்லை. இந்தக் குறையை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் இந்தச் சங்கடத்தை உணரவும் முதலில் அந்த வகுப்பறைக்குள் இடம் கிடைத்திருக்க வேண்டும்.

தோட்டத்துப் பிள்ளைக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. 1923 தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. பள்ளி வந்தது, பல இடங்களில் தொழிலாளர் லயத்து ஓரத்தில் ஒரு கொட்டகையாக, மேற்பார்வை பார்த்த கங்காணியோ கணக்கெழுதிய கிராணியோ வாத்தியாராக. தொடக்கக் கல்வியோடு படிப்பு முடிந்தது. அதற்கு மேல் தமிழில் இடைநிலைப் பள்ளி நாட்டில் எங்குமே இல்லை. ஈப்போவுக்கு வெளியே சுங்கை சிப்புட்டிலோ செம்மோரிலோ பால்மரம் வெட்டியவரின் மகன் செயின்ட் மைக்கேல்ஸில் சேர வேண்டுமானால் பள்ளிச் சம்பளம், போக்குவரத்துச் செலவு, எல்லாவற்றுக்கும் மேலாக ஆரம்பத்திலிருந்தே ஆங்கிலம் வேண்டும். கிராணி மகனுக்கு அது எட்டியது. பிரதர்கள் ஏழைகளுக்குச் சலுகை காட்டினார்களே என்பார்கள். காட்டினார்கள், பலரை அது கரையேற்றியது. ஆனால் சம்பளத்தைத் தள்ளுபடி செய்ய முடிந்தவர்களால் தூரத்தையும் மொழியையும் தள்ளுபடி செய்ய முடியவில்லை. அந்தப் பழியைப் பிரதர்கள்மீது போடுவதும் தவறு. பத்து வயதிலேயே வெட்டுக்காட்டுக்குக் கை வேண்டும் என்று கணக்குப் போட்ட தோட்டப் பொருளாதாரமும், அதை அனுமதித்த அரசும்தான் பொறுப்பு.

இடைநிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு ரத்தாகி, 1965 முதல்தான் தோட்டப் பிள்ளைகள் புகுமுக வகுப்பு வழியாகப் பெரும் எண்ணிக்கையில் இடைநிலைப் பள்ளிகளுக்குள் வந்தார்கள். மிஷன் பள்ளிகளும் அவற்றில் அடக்கம். அதற்குள் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பல குடும்பங்கள் வேலையும் லயத்து வீடும் இழந்திருந்தன. 1970இல் ஆங்கிலப் பள்ளிகளின் முதலாம் வகுப்பில் தொடங்கிய மலாய் வழிக் கல்வி 1976இல் இடைநிலைப் பள்ளியின் முதல் படிவத்தை எட்டியது. கிராணி வீட்டுப் பிள்ளைகள் இரண்டு தலைமுறையாக எந்த ஆங்கிலத்தைக் கற்று டாக்டராகவும் வக்கீலாகவும் ஆனார்களோ, அந்த ஆங்கிலவழிக் கல்வி, பால்வெட்டுத் தொழிலாளியின் பிள்ளை வந்து சேர்ந்து பத்தாண்டு கடந்ததுமே அந்தக் கட்டடங்களை விட்டு வெளியேறத் தொடங்கிவிட்டது.