ஷோகனின் பகை

2011இல் வெளிவந்த 'டோட்டல் வார்: ஷோகன் 2' 16ஆம் நூற்றாண்டு ஜப்பானில் நடக்கும் கணினி ஆட்டம். ஆட்டக்காரரின் புகழ் உச்சத்தைத் தொட்டாலோ, தலைநகர் கியோட்டோ அவர் வசமானாலோ, நாட்டின் படைத்தலைமை ஆட்சியாளரான ஷோகன் அவரைப் பகைவராக அறிவிப்பார். வணிகம் முறியும், நேற்றுவரை தோள்கொடுத்த கூட்டாளியும் வாளை உருவுவார்.

இது வெறும் கற்பனையல்ல.

1570களின் தொடக்கத்தில் போர்த்தலைவர் ஒடா நொபுனாகாவை அசாய், அசகுரா, தகேதா குலங்களும் ஹொங்கன்ஜி மடத்தாரும் சூழ்ந்தனர். அசாய் நகமசா அவருடைய தங்கையின் கணவர். நொபுனாகாவே பதவியில் அமர்த்திய ஷோகன் யோஷியாகியும் எதிரணியில் சேர்ந்தார்.

ஆனால் 1573இல் தகேதா ஷிங்கென் இறந்தார். யோஷியாகி கியோட்டோவிலிருந்து துரத்தப்பட்டார். அசாயும் அசகுராவும் அழிந்தனர். ஆட்டத்தில் கணினி இயக்கும் குலங்களின் பகையோ சுற்றுக்குச் சுற்று ஏறும்.

இந்த ஆட்டத்தின் விரிவாக்கமாக 2012இல் வந்த 'ஃபால் ஆஃப் தி சாமுராய்', பேரரசர் பக்கமா ஷோகன் பக்கமா எனத் தேர்வு தந்து, தோழர்களையும் விட்டுவைத்தது. வரலாற்றுக்கு நெருக்கமான வடிவம் அதுதான்.