வளையம் விழுந்தால் மருந்தாகிவிடுமா?

என் பழைய புராஜெக்ட் நோட்டில் ஒரு பக்கத்தில் "குப்பைமேனி – 14 மி.மீ." என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறேன். எம்.எஸ்சி. படித்தபோது செய்தது. இலையை நிழலில் காயவைத்துப் பொடித்து, எத்தனாலில் ஊறவைத்து வடிகட்டினேன். அந்தச் சாற்றில் பொட்டு மாதிரி வெட்டிய வடிதாளை நனைத்து, பாக்டீரியா பூசிய தட்டின் மேல் வைத்தேன். மறுநாள் பார்த்தால் தட்டு முழுக்கப் பாக்டீரியா படர்ந்திருக்கிறது, தாளைச் சுற்றி மட்டும் ஒன்றும் முளைக்கவில்லை. சுத்தமான ஒரு வளையம். அன்றைக்கு ஹாஸ்டலில் எல்லாருக்கும் என் செலவில் டீ.

மூன்றாம் நாள் எங்கள் சார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "வெறும் எத்தனால் வச்ச தாள் எங்கப்பா?" நான் வைக்கவே இல்லை. வைத்துப் பார்த்தேன். 11 மி.மீ. தாளைச் சரியாகக் காயவிடாமல் வைத்திருக்கிறேன். பாக்டீரியாவைக் கொன்றதில் பெரும்பங்கு சாராயத்துக்குத்தான்.

பிரச்சினை என்னன்னா, அதற்குள் ஊருக்குப் போன் போட்டுப் பெருமையடித்து முடித்திருந்தேன். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

இந்த வளையம் எங்கிருந்து நம் கல்லூரி லேப்களுக்கு வந்தது என்று பின்னாளில் தேடிப் படித்தேன். தட்டில் ஒரு பொருளை வைத்து அதைச் சுற்றி நுண்ணுயிர் வளர்கிறதா என்று பார்ப்பது 19-ஆம் நூற்றாண்டிலேயே இருந்திருக்கிறது. அதை ஓர் அளவுகோலாக மாற்றியவர்களில் முக்கியமானவர் ஆக்ஸ்ஃபோர்டின் நார்மன் ஹீட்லி. இரண்டாம் உலகப்போர் காலம். ஃபுளோரியும் செயினும் பெனிசிலினைப் பிரித்தெடுக்கப் போராடிக்கொண்டிருந்தார்கள். (பூஞ்சை வளர்க்கப் பாத்திரம் கிடைக்காமல் ஆஸ்பத்திரி பெட்பேனில் வளர்த்த மனிதர் இந்த ஹீட்லி.) இரண்டு முனையும் திறந்த சின்னக் கண்ணாடிக் குழாய்களை அகார் தட்டில் நிறுத்தி, அதற்குள் திரவத்தை ஊற்றினார். வளையம் பெரிதானால் பெனிசிலின் அதிகம், சிறிதானால் குறைவு.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹீட்லி பெனிசிலினைப் பெனிசிலினோடுதான் ஒப்பிட்டார். ஒரே மூலக்கூறு, ஒரே வேகத்தில் அகாருக்குள் பரவும். அதனால் மில்லிமீட்டருக்கு அர்த்தம் இருந்தது. துளசிச் சாற்றையும் வேப்பிலைச் சாற்றையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து எது பெரிய வளையம் என்று பார்ப்பதற்காக வந்த முறை அல்ல அது. மஞ்சளில் இருக்கும் குர்குமின் தண்ணீரில் கிட்டத்தட்டக் கரையாது. அகாரில் பெரும்பகுதி தண்ணீர்தான், அதற்குள் அது எப்படி ஓடும்? வளையம் சின்னதாக இருந்தால் மஞ்சள் வலுவற்றது என்றும் சொல்ல முடியாது, குப்பைமேனியின் வளையம் பெரிதாக இருப்பதால் அது கெட்டி என்றும் சொல்ல முடியாது.

ஆனாலும் பெனிசிலின் கிடைத்ததும் எல்லாருக்கும் வந்த யோசனை ஒன்றுதான்: பூஞ்சையில் இருந்தால் செடியில் இருக்காதா? 1943-இல் இ. எம். ஆஸ்பார்ன் 2,300 செடி இனங்களின் சாற்றைச் சோதித்து முடிவுகளை வெளியிட்டார். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ், ஈ. கோலை என்று இரண்டு பாக்டீரியாக்கள். 63 பேரினங்களில் ஏதோ ஒரு தடுப்பு தெரிந்தது. இங்கிலாந்தின் புல்வெளிகளில் மஞ்சளாகப் பூக்கும் பட்டர்கப் குடும்பமும் அதில் உண்டு. ஆனால் பட்டர்கப் சாறு தோலில் பட்டால் கொப்புளம் கிளம்பும். பாக்டீரியாவைக் கொல்வது பெரிய விஷயமே இல்லை, பினாயிலும்தான் கொல்லும். நம்மை விட்டுவிட்டு அதை மட்டும் கொல்வதில்தான் பாடு.

அடுத்த வருடம், 1944-இல், அமெரிக்காவில் காவலிட்டோவும் பெய்லியும் பூண்டிலிருந்து அல்லிசினைப் பிரித்தார்கள். இது எனக்கு ரொம்பப் பிடித்த கதை. முழுப் பூண்டில் அல்லிசின் கிடையாது! நசுக்கும்போதுதான் உள்ளே தனித்தனியாக இருக்கும் ஒரு பொருளும் ஒரு நொதியும் சந்தித்து அதை உண்டாக்குகின்றன. முழுப் பல்லாகக் கொதிநீரில் போட்டால் நொதி செத்துவிடும். ஆக, "பூண்டைச் சோதித்தோம்" என்று ஒருவர் எழுதினால் அது அரைகுறை வாக்கியம். தட்டிப் போட்டீர்களா, அப்படியே வேகவைத்தீர்களா? சமைக்கிற யாரும் கேட்கிற கேள்வி, ஆனால் நிறைய ஆய்வுக் கட்டுரைகளில் பதில் இருக்காது. தட்டிலே வீராவேசமாக இருக்கும் அல்லிசின் ரத்தத்தில் போனால் சீக்கிரமே மறைந்துவிடும் என்பது தனிச் சோகம்.

இந்தியாவில் பெரிய அளவில் நடந்ததில் லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் 1968-இல் வெளியிட்ட முதல் பட்டியலைச் சொல்ல வேண்டும்: 285 செடிகள். அதற்குப் பிறகு வந்த கட்டுரைகளை எண்ணி மாளாது. நானும் ஒன்று சேர்த்தேனே! இவ்வளவுக்குப் பிறகும் ஆஸ்பத்திரியில் ஊசியாகப் போடும் ஆன்டிபயாடிக்குகள் பூஞ்சையிலிருந்தும் மண்ணிலிருக்கும் பாக்டீரியாவிலிருந்தும் வேதியியல் கூடத்திலிருந்தும்தான் வந்திருக்கின்றன. பூக்கும் செடியிலிருந்து வந்ததாக ஒன்றைக் காட்ட முடியாது.

ஏன் என்பதற்கு ஒரு கணக்குப் போதும். ஒரு சாறு பாக்டீரியாவைத் தடுக்க மில்லிலிட்டருக்கு 5 மில்லிகிராம் தேவை என்று வைத்துக்கொள்வோம். பல கட்டுரைகள் இதையே வெற்றி என்கின்றன. நம் உடம்பில் ரத்தம் சுமார் 5 லிட்டர். அத்தனையிலும் அந்தச் செறிவு வர 25 கிராம் சாற்றுப்பொருள் ஒரே நேரத்தில் ரத்தத்தில் ஓட வேண்டும். யாரால் முடியும்? 2005-இல் ரியோஸ், ரெசியோ என்ற இருவர் ஒரு கோடு போட்டார்கள்: சாறு என்றால் மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் அல்லது அதற்குக் கீழே வேலை செய்தால் கவனியுங்கள், 1 மில்லிகிராமுக்கு மேலே என்றால் விட்டுவிடுங்கள். என் குப்பைமேனி அந்தக் கோட்டின் பக்கத்தில்கூட வராது.

அப்படியானால் பாட்டி வைத்தியம் எல்லாம் பொய்யா? இங்கேதான் மரமஞ்சளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் மஞ்சள் மரத்துண்டாகக் கிடைக்கும், மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் வளரும் கொடி. அதன் மஞ்சளுக்குக் காரணம் பெர்பெரின். வட இந்தியாவில் அதே வேலைக்குப் பயன்படும் பெர்பெரிஸ் புதர்களிலும் இதே பொருள்தான். தனியாக எடுத்துச் சோதித்தால் பெர்பெரின் சுமார்தான், ஏனென்றால் ஸ்டாஃபிலோகாக்கஸ் தன் செல் சவ்வில் ஒரு பம்ப் வைத்து உள்ளே வந்ததை வெளியே இறைத்துவிடுகிறது. 2000-ஆம் ஆண்டில் ஃபிராங்க் ஸ்டெர்மிட்ஸ், கிம் லூயிஸ் குழுவினர் பெர்பெரிஸ் செடிகளில் இன்னொரு பொருளைக் கண்டுபிடித்தார்கள். அது தனியாக ஒரு பாக்டீரியாவையும் கொல்லாது. வளையச் சோதனையில் வைத்தால் பூஜ்யம். ஆனால் அந்த பம்பை அடைத்துவிடும். இரண்டும் சேர்ந்தால் பெர்பெரின் உள்ளேயே தங்கிக் கொல்கிறது. வளையம் விழாததைத் தூக்கி எறிந்துகொண்டே போயிருந்தால் இது கையில் சிக்கியிருக்காது.

2015-இல் நாட்டிங்ஹாமில் நடந்ததும் இந்த வகைதான். பத்தாம் நூற்றாண்டு ஆங்கில வைத்திய நூல் ஒன்றில் இருந்த கண் மருந்து: பூண்டு, வெங்காய இனத்தில் இன்னொன்று, ஒயின், மாட்டின் பித்தநீர். பித்தளைப் பாத்திரத்தில் ஒன்பது நாள் வைக்க வேண்டும். பழைய ஆங்கிலம் படிக்கும் கிறிஸ்டினா லீயும் நுண்ணுயிரியலாளர் ஃபிரேயா ஹாரிசனும் சொன்னது சொன்னபடி செய்தார்கள். ஸ்டாஃபிலோகாக்கஸ் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டு வாழும் படலத்திலேயே அது வேலை செய்தது. தனித்தனிச் சரக்குகளால் அது முடியவில்லை. 2020-இல் வந்த அடுத்த ஆய்வில், சர்க்கரைப் புண் போன்ற ஆறாப் புண்களில் இருக்கும் படலங்களுக்கு அல்லிசின் மட்டும் போதாது, முழுக் கலவையும் வேண்டும் என்று தெரிந்தது. இதுவும் ஆய்வகத்தில்தான். காலில் பூசிக்கொள்ளச் சொல்லி யாரும் தரவில்லை.

காலில் பூசிக்கொண்டது என் பெரியப்பா. சர்க்கரை உள்ளவர். பாதத்தில் செருப்பு கடித்த புண்ணுக்குக் குப்பைமேனியும் மஞ்சளும் அரைத்து மூன்று வாரம் வைத்துக் கட்டியிருக்கிறார். நான் லீவில் போனபோது கட்டைப் பிரித்தால் விரல் கறுத்திருந்தது. "என்ன பெரியப்பா இது, ஆஸ்பத்திரிக்குப் போகலையா?" என்று கத்தினேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "நீதானப்பா போன்ல சொன்ன, தட்டுல வச்சா கிருமி அத்தனையும் செத்துப்போச்சுன்னு."

எத்தனால் தாளைப் பற்றி நான் இரண்டாவது போன் போடவில்லை.

சுண்டுவிரலோடு போயிற்று. இப்போது வாட்ஸ்அப்பில் ஏதாவது மூலிகைச் செய்தி வந்தால் எனக்கு ஃபார்வர்ட் செய்துவிட்டுக் கீழே ஒரு வரி போடுவார்: "வெறும் தாளை வச்சுப் பார்த்தாங்களாப்பா?" பெரும்பாலும் நான் மூலக் கட்டுரையைத் தேடிப் பிடித்துப் படித்துவிட்டுத்தான் பதில் போடுகிறேன்.